25ஆம் தேதியைக் காலியாக வையுங்கள்: பொடிசுகளோடும் பெரிய குடும்பத்தோடும் கிறிஸ்துமஸ்

எங்கள் வீடு ராயபுரத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரம். மாமியார், நாங்கள், கொழுந்தன் குடும்பம் என்று மேல் வீடும் கீழ் வீடுமாகப் பதினோரு பேர். கிறிஸ்துமஸ் என்றால் திருவொற்றியூர் நாத்தனார் வீடு, எண்ணூர் சின்ன மாமனார் வீடு, பெரம்பூரிலிருந்து என் அம்மா, அண்ணன் குடும்பம் எல்லாரும் வந்து இருபத்தாறு தலை ஆகிவிடும். அதில் எட்டு வயதுக்குக் கீழே மட்டும் ஏழு பேர். மூத்த மருமகள் என்பதால் பன்னிரண்டு வருஷமாக இந்தப் பொறுப்பு என் கையில்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் 24, 25 இரண்டே நாளில் அடைத்துவிட்டேன். பெரியவனுக்கு அப்போது மூன்று வயது. நடு ராத்திரிப் பூசைக்குத் தூக்கத்தில் எழுப்பி, ஜரிகை குத்துகிற ஷெர்வானியை மாட்டி, கூட்டத்தில் இரண்டு மணி நேரம் தோளில் வைத்திருந்தோம். காலை ஏழு மணிக்கே சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். பதினோரு மணிக்கு முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா. பிரியாணி இறக்கும்போது பிள்ளைக்குக் காய்ச்சல் 101. இன்றைக்கும் அந்த வருஷத்தைப் பற்றி அவனுக்கு நினைவிருப்பது அந்த முகமூடி ஒன்றுதான்.

அதிலிருந்து நான் வைத்துக்கொண்ட கணக்கு இது. 25ஆம் தேதிக்குப் பூசை, சாப்பாடு, பிள்ளைகளின் நாடகம், இந்த மூன்றுக்கு மேல் எதுவும் கிடையாது. மற்ற எல்லாவற்றையும் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி 6 வரை பிரித்துப் போட்டுவிடுவேன். ஒவ்வொன்றிலும் ஒரு வேலை பிள்ளைகள் கையில் இருக்கும். பொம்மை வாங்கிக் கொடுத்த பிள்ளை ஒரு மணி நேரம் விளையாடும். வேலை கொடுத்த பிள்ளையோ ஒரு மாதத்துக்கு “அது நான் செஞ்சது” என்று வருகிறவர்களிடம் எல்லாம் காட்டும்.

நான்கு ஞாயிறு

கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கிற திருவருகைக் காலம் நவம்பர் 30-ஐ ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். நான்கு ஞாயிறு, நான்கு மெழுகுவர்த்தி: மூன்று ஊதா, மூன்றாவது ஞாயிறுக்கு மட்டும் ரோஸ். நான்கு வயசுப் பிள்ளைக்கு “இன்னும் இருபது நாள்” என்றால் ஒன்றும் புரியாது. “இன்னும் ரெண்டு வத்தி ஏத்தணும்” என்றால் புரியும். பெரிய தாம்பாளத்தில் மணல் பரப்பி, வத்திகளை ஊன்றி, சுற்றிக் கொஞ்சம் வேப்பிலைக் கொத்து வைத்தால் போதும். ஏற்றுவது ஆயா (பிள்ளைகளின் பாட்டி). ஊதி அணைப்பது பிள்ளைகள், வாரம் ஒருவராக முறை. இந்த முறையை மட்டும் முதல் நாளே காலண்டரில் எழுதிவிடுங்கள், சண்டை வராது.

ஸ்டார் கட்டுவது டிசம்பர் 1. பேப்பர் ஸ்டாருக்குள் குண்டு பல்பு போடாதீர்கள். சூட்டில் காகிதம் பழுப்பேறிக் கருகும். சின்ன எல்.இ.டி. பல்பு போதும். இது மழை மாதம், அதனால் ஒயரில் ஒட்டுப் போட்ட இடம் வெளியே தொங்கக் கூடாது. ஸ்டாரின் சுவிட்சை ஜன்னலுக்கு உள்ளே கொண்டுவந்துவிட்டால் தினமும் சாயங்காலம் சுவிட்ச் போடுகிற வேலையைச் சின்னவளிடம் கொடுத்துவிடலாம். எங்கள் சின்னவள் ஆறு மணிக்கு விளையாட்டை விட்டுவிட்டு ஓடி வருவாள், நாற்காலியில் ஏறிப் போடுவாள், தெருவுக்கு ஓடிப் போய் அண்ணாந்து பார்ப்பாள். ஒரு மாதம் முழுக்க அவளுக்கு அதுதான் பண்டிகை.

கடை வேலையை நவம்பரிலேயே முடித்துவிடுங்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் டிசம்பர் சனிக்கிழமை சாயங்காலம் கைக்குழந்தையோடு நுழையவே நுழையாதீர்கள். வார நாள், காலை பதினோரு மணி, பிள்ளையின் பழைய சட்டை ஒன்று பையில். அளவுக்கு அது போதும், பிள்ளை வர வேண்டியதில்லை. நெட் துணி வைத்த ஃபிராக்காக இருந்தால் உள்ளே காட்டன் லைனிங் இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். வாங்கிய உடுப்பை ஒரு நாள் வீட்டில் ஒரு மணி நேரம் போட்டுப் பழக்குங்கள். குத்துகிறதா, கழுத்து பிடிக்கிறதா எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். முந்திரி, திராட்சை, டூட்டி ஃபுரூட்டிக்கு சௌகார்பேட்டை கோவிந்தப்ப நாயக்கன் தெரு. கலர் பேப்பர், சார்ட்டுக்கு ஆண்டர்சன் தெரு. மெட்ரோவில் ஹைகோர்ட் ஸ்டேஷனோ மண்ணடியோ இறங்கினால் இரண்டும் நடக்கிற தூரம்தான்.

குடில்: விதையிலிருந்து தொடங்குங்கள்

என்னிடம் யோசனை கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளால் காட்டுகிற குடிலைத்தான். கடையில் ரெடிமேடாக வாங்கி வைத்தால் அரை மணி நேர வேலை. அதையே பத்து நாள் வேலையாக ஆக்கினால் பிள்ளைகளுக்கு டிசம்பர் முழுக்கச் சுவையாக இருக்கும்.

டிசம்பர் 13 ராத்திரி ஒரு ஆழாக்குக் கேழ்வரகை ஊறப் போடுங்கள். 14 காலை தண்ணீரை வடித்து, வெள்ளைத் துணியில் மூட்டை கட்டித் தொங்கவிடுங்கள். அன்று முழுக்கப் பிள்ளைகள் மூட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். 15 காலை அவிழ்த்தால் வெள்ளை முளை ஊசிமுனை போலத் தலைகாட்டியிருக்கும். பழைய பிளாஸ்டிக் தட்டு, பிரியாணி வந்த அலுமினிய டப்பா எது இருந்தாலும் சரி, அதில் ஒரு விரல்கடை தென்னைநார்த் தூளோ மண்ணோ போட்டு, மேலே முளையை நெருக்கமாகத் தூவ வேண்டும். தெளிக்கிற பாட்டில் பிள்ளைகள் கையில் இருக்கட்டும். காலையில் பத்துத் தடவை, சாயங்காலம் பத்துத் தடவை. எண்ணித் தெளிக்கச் சொன்னால் வெள்ளமாக்க மாட்டார்கள். மேகமூட்டமாக இருந்தால் ஜன்னலோரம் வையுங்கள். 24ஆம் தேதி வரும்போது இரண்டு விரல் உயரத்துக்குப் பச்சைப் பாய் விரித்த மாதிரி எழும்பி நிற்கும். பெத்லகேம் புல்வெளி தயார். ஒரு வருஷம் கோதுமை போட்டோம். அது மளமளவென்று வளர்ந்து ஆடுகளை மறைத்துவிட்டது. வெந்தயமும் நன்றாக வரும், ஆனால் தண்டு சாயும். எங்கள் வீட்டு அனுபவத்தில் கேழ்வரகுதான்.

குடிசைக்கு ஐஸ்கிரீம் குச்சி, தென்னை ஓலை, பழைய சாக்கு. கூரை வேய்வது மாமியார் வேலை. மீன்கூடை முடைந்த கை அவருடையது, ஓலையை மடிக்கிற வேகத்தைப் பார்க்கப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். மண் சுரூபங்கள் (பொம்மைகள்) வேண்டுமென்றால் அரண்மனைக்காரத் தெருவில் அந்தோணியார் கோயில் பக்கம் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்றைக்கு நவநாள் ஜெபத்துக்குக் கூட்டம். (ஆர்மேனியன் தெரு என்பதுதான் நம்மவர்கள் வாயில் அரண்மனைக்காரத் தெரு ஆனது. பிள்ளைகளோடு போனால் 1772இல் கட்டிய ஆர்மேனியக் கோயிலையும் காட்டிவிட்டு வாருங்கள்.) ஒரே வருஷத்தில் முழு செட் வாங்க வேண்டாம். வருஷத்துக்கு ஒரு ஆடு, ஒரு இடையர் என்று சேருங்கள். எங்கள் குடிலில் ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு பிள்ளை சொந்தக்காரர். அந்தப் பிள்ளை பிறந்த வருஷம் ஆட்டின் அடியில் பென்சிலால் எழுதியிருக்கும்.

பனி என்று பஞ்சு பரப்பாதீர்கள். நாங்கள் பரப்பியிருக்கிறோம், பக்கத்தில் மெழுகுவர்த்தியும் வைத்திருக்கிறோம். ஒரு நொடியில் பஞ்சு முழுக்கத் தீ ஓடிவிட்டது. கொழுந்தன் ஈரச் சாக்கை எடுத்துப் போட்டு அமுக்கியதால் ஓலைக் கூரையோடு போயிற்று. அதன் பிறகு குடிலுக்குள் சீரியல் செட் மட்டும்தான், அதுவும் ராத்திரி படுக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுவோம். தரைக்குக் காசிமேட்டு மணல் போதும்.

குழந்தை இயேசு சுரூபத்தை 24 ராத்திரி வரை வைக்கக் கூடாது. தொட்டில் காலியாகவே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. அன்றன்றைக்கு யாருக்காவது ஒரு நல்ல காரியம் செய்த பிள்ளை, தொட்டிலில் ஒரு வைக்கோல் போடலாம். ஆயாவுக்குக் கண்ணாடி எடுத்துக் கொடுத்தால் ஒன்று, தம்பிக்குச் செருப்பு மாட்டிவிட்டால் ஒன்று. யார் எத்தனை போட்டார்கள் என்று எண்ணவே எண்ணாதீர்கள், எண்ணினால் அது போட்டியாகிவிடும்.

குடிலின் கதையையும் சொல்லுங்கள். 1223இல் இத்தாலியில் கிரெச்சியோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தி முதல் குடிலை அமைத்தார். இதைக் கேட்ட நாளிலிருந்து எங்கள் பொடிசுகளில் நாலு பேருக்கு நாடகத்தில் மாடு வேஷம்தான் வேண்டும்.

கல்கல் ராத்திரி

நான் பிறந்தது பெரம்பூரில். அப்பாவுக்கு ரயில்வே லோகோ பட்டறையில் வேலை. பக்கத்து வீடுகளில் ரயில்வே வேலைக்கு வந்து தங்கிவிட்ட ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்தன. கல்கல்லும் ரோஸ் குக்கீயும் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் நான் கற்றது. ரோஸ் குக்கீ என்பது நம்ம அச்சு முறுக்குதான். அதில் பிள்ளைகளுக்கு வேலை இல்லை, முழுக்க எண்ணெய் வேலை. அச்சை முதல் நாளே எண்ணெயில் ஊறப் போடுங்கள், மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்குங்கள், முழுகினால் கழன்று வராது. அதை அவர்கள் தூங்கின பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கல்கல்தான் பிள்ளைகளின் பலகாரம். இருபதாம் தேதியை ஒட்டி ஒரு சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். அளவு: மைதா அரைக் கிலோ, பொடித்த சர்க்கரை 150 கிராம், வெண்ணெய் 50 கிராம், முட்டை ஒன்று, உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய் நாலு. கெட்டித் தேங்காய்ப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். ஒரு டம்ளருக்கு மேல் தேவைப்படாது. சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுக்கமாக இருக்க வேண்டும். ஈரத் துணி மூடி அரை மணி நேரம் வையுங்கள்.

ஹாலில் பழைய வேட்டியை விரித்து எல்லாரையும் வட்டமாக உட்கார வையுங்கள். மூன்று வயசுக்காரர்கள் கோலிகுண்டு அளவுக்கு உருட்டிக் கொடுப்பார்கள். ஐந்து வயசுக்கு மேலே இருப்பவர்கள் உருண்டையை முள்கரண்டியின் முதுகில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி இழுப்பார்கள். அது வரிவரியாகக் கோடு விழுந்து நத்தை மாதிரி சுருண்டு வரும். முள்கரண்டி குத்தும் என்று பயந்தால் புதுச் சீப்பு வாங்கிக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் அம்மா வீட்டில் எப்போதும் சீப்புதான். சுருட்டிய விளிம்பை அழுத்தி ஒட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் எண்ணெயில் பிரிந்துகொள்ளும். காத்திருக்கிற மாவு காயாமல் துணி மூடியே இருக்கட்டும். கோணல் மாணலாக வந்ததை எடுத்துத் திருத்தாதீர்கள். நாத்தனார் ஒரு தடவை சின்னவளின் உருண்டைகளை எடுத்து மறுபடியும் அழகாகச் சுருட்டினாள். பிள்ளை எழுந்து போய்விட்டது, அன்றைக்குத் திரும்பி வரவேயில்லை.

பொரிப்பது அடுப்படியில், பெரியவர்கள் இரண்டு பேர். வாசலில் ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டுவிடுங்கள். இதை நான் கட்டாயமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு வருஷம் நாத்தனார் மகன் தன் உருண்டையைத் தானே போட வேண்டும் என்று எட்டிப் போட்டு, எண்ணெய் தெறித்துக் கையில் கொப்புளம் போட்டது. இங்க் கொண்டா, பேஸ்ட் கொண்டா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எதுவும் தடவாதீர்கள். குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷம் கையைக் காட்டுங்கள். அப்புறம் டாக்டர்.

தீ மிதமாக இருக்கட்டும். வெளிர் பழுப்பு வந்ததும் எடுத்துவிடுங்கள், எடுத்த பிறகும் நிறம் ஏறும். நன்றாக ஆறிய பிறகே டின்னில் போடுங்கள், சூட்டோடு மூடினால் நமுத்துப் போகும்.

அக்கம்பக்கத்துக்குப் பலகாரத் தட்டு போகும் அல்லவா, அதற்கு முட்டை போடாத மாவைத் தனியாகப் பிசைந்து, புது எண்ணெயில் முதலில் பொரித்துவிடுங்கள். எங்கள் தெருவில் சைவம் சாப்பிடுகிற சேட்டு வீடு இருக்கிறது. அந்தத் தட்டைக் கொண்டுபோகிற பெரியவன் வாசலில் நின்றே “முட்டை போடாதது ஆன்ட்டி” என்று சொல்லிவிடுவான். தீபாவளிக்கு அவர்கள் வீட்டிலிருந்து வந்தது, நோன்புக்குப் பாய் வீட்டிலிருந்து கஞ்சி வந்தது, அந்தத் தட்டுகளை நாம் நிரப்பித் திருப்ப வேண்டிய நாள் இது. ஒரு பிள்ளைக்கு இரண்டு வீடு என்று பிரித்துக் கொடுங்கள். பேர் வெட்டிய தட்டாக இருந்தால் சரியாகத் திரும்பி வரும்.

கேக்குக்கான பழத்தை ரம்மில் ஊறப் போடுகிற வீடாக இருந்தால், பொடிசுகளுக்குத் தனியாக ஆரஞ்சு ஜூஸில் போட்டு ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். முந்திரி, பாதாமைச் சின்னவர்களுக்குப் பொடியாக நறுக்கிவிடுங்கள். முழுசாக இருந்தால் தொண்டையில் சிக்கும்.

தாத்தாவும் கேரலும்

கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போடுகிறவர் பிள்ளைகள் எதிரிலேயே போடட்டும். எங்கள் கொழுந்தன் கட்டிலில் உட்கார்ந்து, சிவப்பு அங்கிக்குள் தலையணையைச் சொருகுவார். பெல்ட்டைப் பிள்ளைகள் இழுத்துக் கட்டுவார்கள். முகமூடி கிடையாது, பஞ்சுத் தாடி மட்டும். இரண்டு வயசுக்குழந்தைகூட அழாது. “நிஜமா தாத்தா இருக்காரா?” என்று கேட்டால் நான் புனித நிக்கோலாஸ் கதையைச் சொல்வேன். இன்றைய துருக்கியில் மீரா என்ற ஊரில் நான்காம் நூற்றாண்டில் ஆயராக இருந்தவர், அவர் திருநாள் டிசம்பர் 6. அவரைப் போலக் கொடுக்க ஆசைப்பட்டுச் சித்தப்பா அங்கி போடுகிறார் என்றால் பிள்ளைகள் ஒப்புக்கொள்கிறார்கள், ஒருவருக்கும் முகம் வாடியதில்லை.

கேரல் வருகிற இளைஞர் குழுவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கைக்குழந்தை இருக்கிற வீடு, எட்டு மணிக்குள் வாருங்கள் என்றால் நம் தெருவிலிருந்து தொடங்குவார்கள். பிள்ளைகள் கையால் சுக்குக் காபியும் கல்கல்லும் கொடுக்க வையுங்கள்.

பரிசு விஷயத்தில் ஒரே ஒரு சட்டம் வைத்தேன்: எட்டு வயதுக்குக் கீழே எல்லாருக்கும் ஒரே பொருள், ஒரே நிறம். ஒரு பிள்ளைக்கு ரிமோட் காரும் இன்னொன்றுக்கு டிபன் பாக்ஸும் வந்த வருஷத்தில், இரண்டு ஓரகத்திகள் பொங்கல் வரைக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெரியவர்களுக்குக் கிறிஸ் மாம், கிறிஸ் சைல்டு: சீட்டில் யார் பேர் வருகிறதோ அவருக்கு ரகசியமாகப் பரிசு. முதல் ஞாயிறு சீட்டுக் குலுக்கிப் போட்டு, 200 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று வையுங்கள். சீட்டு எடுக்கிற கை கடைக்குட்டியினுடையது.

24 ராத்திரி

இராயப்பர் பேரால்தான் எங்கள் ஊருக்கே ராயபுரம் என்று பெயர் வந்தது என்பார்கள். இராயப்பர் என்பது பேதுருவுக்கு நம் பழைய கத்தோலிக்கத் தமிழ்ப் பெயர். அந்த இராயப்பர் கோயிலைச் சுற்றி வளர்ந்த வீட்டில் நடு ராத்திரிப் பூசையை விட மாட்டார்கள். ஆனால் இரண்டு வயசுக்குக் கீழே இருக்கிற குழந்தையைக் கூட்டிப்போக வேண்டாம் என்று மாமியாரே இப்போது சொல்லிவிட்டார். ஒரு ஆள் வீட்டில் இருந்துவிட்டுக் காலைப் பூசைக்குப் போகலாம். வருஷா வருஷம் ஒரே மருமகள் தங்காமல் மாறிக்கொள்ளுங்கள்.

போகிற பிள்ளைகளுக்கு மத்தியானம் நன்றாகத் தூக்கம், ஏழு மணிக்கு இட்லி, எட்டு மணிக்குப் படுக்கை. பதினொன்றரைக்கு எழுப்பி, மேலே ஸ்வெட்டர் போட்டு, உள்ளே பழைய காட்டன் சட்டையோடு கூட்டிப்போங்கள். புது உடுப்பு காலைக்கு. பையில் தண்ணீர், பிஸ்கட், ஒரு துண்டு. நடு வரிசையில் உட்காராதீர்கள், பக்கவாட்டுக் கதவுக்கு அருகே இடம் பிடியுங்கள். பாதித் திருப்பலி தூங்கினால் தூங்கட்டும். எங்கள் கோயிலில் வானவர் கீதம் தொடங்கும்போது மணி எல்லாம் சேர்ந்து அடிக்கும், குடிலின் திரை விலகும். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் இவ்வளவு ஏற்பாடும். அப்போது பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொள்ளுங்கள். போன வருஷம் சின்னவள் தூக்கக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு “பாப்பா வந்துடுச்சா?” என்று கேட்டாள். முன்னால் நின்றவர்கள் திரும்பி, அவளுக்குத் தெரிகிற மாதிரி ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் குடிலுக்குப் போய், வைக்கோல் தொட்டிலில் சுரூபத்தை வைப்பது வீட்டிலேயே சின்னப் பிள்ளை. அப்புறம் படுக்கைதான்.

25

அன்றைக்கு வீட்டுப் பெண்கள் யாரும் அடுப்படியில் நிற்கக் கூடாது என்று முதலிலேயே பேசி முடிவு பண்ணுங்கள். காலைக்கு இடியாப்பம் கடையில் சொல்லிவிடலாம், பாயா முதல் நாளே செய்து வைத்துவிடலாம். மத்தியானத்துக்குப் பிரியாணி மாஸ்டர். ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறி போட்டால் எட்டிலிருந்து பத்துப் பேர் சாப்பிடலாம். இருபத்தாறு பேர், அதில் ஏழு பொடிசு என்றால் எங்களுக்கு மூன்று கிலோ சரியாக வருகிறது. காரம் தாங்காத பிள்ளைகளுக்குத் தயிர் சாதமும் அவித்த முட்டையும் பன்னிரண்டு மணிக்கே கொடுத்துவிடுங்கள். பெரியவர்கள் பந்தி வரைக்கும் அவர்களைக் காக்க வைக்கக் கூடாது.

சாயங்காலம் நாலரை மணிக்கு நாடகம். ஒத்திகை வேண்டாம். இடையருக்குத் தலையில் துண்டு, மரியாளுக்கு அத்தையின் நீலத் துப்பட்டா, ராஜாக்களுக்குச் சார்ட்டில் கிரீடம். வசனமும் வேண்டாம். ஆயா லூக்கா இரண்டாம் அதிகாரத்தை நிறுத்தி நிறுத்தி வாசிப்பார், பிள்ளைகள் நடிப்பார்கள். எத்தனை மாடு, எத்தனை ஆடு வந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிஷத்தில் முடியும். நடக்கத் தெரியாத குழந்தை இருந்தால் அதுதான் இயேசு, ஆணா பெண்ணா என்று பார்க்காதீர்கள்.

துபாயில் இருக்கிற சின்னக் கொழுந்தனுக்கு அன்றைக்கு லீவு கிடையாது. நம்மைவிட அங்கே ஒன்றரை மணி நேரம் பின்னால். அதனால் நமக்கு எட்டரை மணிக்கு வீடியோ கால். நாடகத்தை முன்பே போனில் எடுத்து அனுப்பிவிட்டால், பிள்ளைகள் அதைப் பற்றியே பேசுவார்கள். “சித்தப்பாவுக்கு ஹாய் சொல்லு” என்று யாரையும் போனுக்கு முன்னால் இழுத்து நிறுத்த வேண்டியிருக்காது.

எந்த வீட்டுக்குப் பண்டிகை என்ற பேச்சையும் முடித்துவிடுங்கள். என் பிறந்த வீடு சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட்), கட்டிக்கொடுத்தது ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்). 25 ராயபுரம், ஜனவரி 1 பெரம்பூர் என்று இரண்டு அம்மாக்களையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரே நாளில் பேசினேன். அம்மாவுக்கு வருத்தம் இல்லை, ஏனென்றால் 25ஆம் தேதி அவரும் இங்கேதான் இருப்பார்.

குறைவாகக் கொண்டாடுகிற வருஷம்

மாமனார் இறந்த வருஷம் ஸ்டார் கட்டவில்லை, பலகாரம் சுடவில்லை. அது எங்கள் வழக்கம். ஆனால் குடில் மட்டும் வைத்தோம், பிள்ளைகளுக்காக. 24 காலை காசிமேடு கல்லறைக்குக் கூட்டிப்போய், பிள்ளைகள் தெளித்து வளர்த்த கேழ்வரகில் ஒரு தட்டைத் தாத்தாவுக்கு வைத்தார்கள்.

2023இல் டிசம்பர் 3, 4 மிக்ஜாம் புயல் மழை. எங்களுக்குக் கீழ் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். எண்ணூரில் சின்ன மாமனார் வீட்டுப் பக்கம் வெள்ளத்தோடு கச்சா எண்ணெயும் கலந்து வந்து, வலை, படகு எல்லாம் கறுப்பாகிவிட்டது. அந்த வருஷம் உடுப்புக்கு வைத்திருந்த பணத்தை அங்கே கொடுத்தோம். பிள்ளைகளிடம் மறைக்கவில்லை, எதற்குக் கொடுக்கிறோம் என்று சொன்னோம். ஸ்டார் 17ஆம் தேதிதான் கட்டினோம், அதுவும் பழைய காலண்டர் தாளில் பெரியவன் வெட்டியது. அந்த ஸ்டார் இன்னும் பத்திரமாக இருக்கிறது.

26ஆம் தேதி எங்கள் வீட்டில் சத்தம் இருக்காது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் உள்ளே வந்தது. மீன்பிடிக்கிற குடும்பத்தில் அந்தத் தேதியைத் தாண்டிப் போக முடியாது. காலையில் கடற்கரைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றி, ஒரு கைப்பூவைத் தண்ணீரில் விடுகிறோம். சின்னப் பிள்ளைகளிடம் நீளமாகச் சொல்ல வேண்டாம். “அன்னைக்கு நிறைய பேரு போயிட்டாங்க, அவங்களை நினைச்சுக்கிறோம்” என்றால் அவர்களும் கையைக் கூப்புவார்கள். அன்று மத்தியானம் மீதிப் பிரியாணி, நீளத் தூக்கம், பெரியவர்கள் பழைய கதை பேசுவது. பெரிய கூட்டத்துக்கு அடுத்த நாள் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு நாள் கண்டிப்பாகத் தேவை.

ஜனவரி 6: பிரிப்பது

மூன்று ராஜாக்கள் திருநாளன்று குடிலைப் பிரிப்போம். ராஜா பொம்மைகள் 25ஆம் தேதி டி.வி. ஸ்டாண்டில் புறப்பட்டு, தினம் ஒரு ஜாண் நகர்ந்து, அன்றைக்குத்தான் குடிலுக்கு வந்து சேரும். நகர்த்துவது பிள்ளைகள். வந்து சேர்ந்ததும் கடைசி கல்கல் டின்னைத் திறந்து எல்லாருக்கும் பங்கு. அப்புறம் சுரூபங்களைச் செய்தித்தாளில் சுற்றுவோம். குழந்தை இயேசுவை மட்டும் சின்னவளின் பழைய ஃபிராக் துணியில் சுற்றுவோம். வாடிய கேழ்வரகை மாடிச் செடிக்கு உரமாகப் போட்டுவிடலாம்.

சுரூபங்கள் வைத்த டின்னை மூடுவதற்கு முன்னால் அடுத்த வருஷத்துக்கு ஒரு சீட்டு எழுதி உள்ளே போடுங்கள். பத்து மாதம் கழித்துத் திறக்கும்போது அதைப் போல உதவுகிற பொருள் வேறு இல்லை. இந்த வருஷத்துச் சீட்டு பெரியவன் கையெழுத்தில் இருக்கிறது: “ஒரு ஆடு காது உடைஞ்சிருக்கு. சீப்பு ரெண்டு வாங்கணும். மெழுகுவத்தி ரோஸ் கிடைக்கல, முன்னாடியே தேடணும். ஆயாவுக்குக் கோயில்ல முதுகு சாயற நாற்காலி வேணும். பெரம்பூர் மாமா பாப்பாவுக்கு அடுத்த வருஷம் ஒரு வயசு, அதுக்கு ஆடு வாங்கணும்.”